யுஎஸ்பி ஹப்: வேகக் கணக்கு வேறு, கரண்டுக் கணக்கு வேறு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம் என்று கணினி இருக்கிற இடங்களிலிருந்தெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். அவசரமாக இருப்பவர்கள் நேரே 7-வது கேள்விக்குப் போகலாம். பெரும்பாலான தொல்லை அங்கேதான் கிடக்கிறது.

1. ஹப்புன்னா என்னங்க, நம்ம மல்ட்டி பிளக் மாதிரிதானே?

பாதி சரி. கணினியின் ஒரு யுஎஸ்பி போர்ட்டை, அதாவது செருகும் துளையை, பலவாக்கிக் கொடுக்கும் சின்ன டப்பாதான் ஹப். மல்ட்டி பிளக் கரண்டை மட்டும் பிரித்துக் கொடுக்கும். ஹப்புக்குள் ஒரு சிப் இருக்கிறது. எந்தப் போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது, எதற்கு எப்போது முறை என்பதைக் கணினியோடு சேர்ந்து அது பார்த்துக்கொள்ளும். ஆகவே ஹப்பில் தகவலும் பங்கு போகிறது, கரண்டும் பங்கு போகிறது. சாதாரண ஹப்பில் இரண்டுக்கும் ஊற்று, கணினியிலிருந்து வரும் அந்த ஒற்றைக் கேபிள்தான்.

ஐந்தொகை போடுகிறவர் வரவையும் பற்றையும் ஒரே பத்தியில் எழுத மாட்டார். ஹப்பிலும் அப்படியே: வேகத்தைத் தனியாகப் பாருங்கள், கரண்டைத் தனியாகப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "நல்ல வேகமான ஹப்பு வாங்கினேன், ஹார்ட் டிஸ்க் ஓடலை" என்ற புகார் வருகிறது.

2. அட்டையில 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1னு மூணு விதமா போட்டிருக்கு. எது ஒசத்தி?

மூன்றும் ஒன்றே. மூன்றிலும் வேகம் விநாடிக்கு 5 கிகாபிட். 2008-இல் 3.0 என்று வந்ததற்கு 2013-இல் 3.1 ஜென் 1 என்றும், 2017-இல் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றினார்கள். சரக்கு மாறவில்லை, சீட்டு மட்டும் மாறியது. 3.2 என்று எழுதியிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட். அதற்கு மேல் 5, 10, 20 கிகாபிட். 2019-இல் வந்த யுஎஸ்பி 4 என்றால் 40 வரை. அட்டையில் பெயர் மட்டும் இருந்து இந்த எண் எங்கும் இல்லையென்றால் அந்த ஹப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

3. உள்ள நீலமா இருந்தா 3.0 தானே?

வழக்கம் அப்படி; கட்டாயம் இல்லை. கறுப்பிலும் 3.0 போர்ட் உண்டு. வெறும் நீலப் பிளாஸ்டிக்கைப் போட்டு உள்ளே 2.0 வைத்து விற்பதும் உண்டு. டார்ச் அடித்துப் பின்களை எண்ணுவதுதான் நம்பகமான வழி. பெரிய செவ்வகப் போர்ட்டில் 4 பின் மட்டும் தெரிந்தால் 2.0. அவற்றோடு இன்னும் 5 சின்னப் பின் இருந்தால் 3.0. கேபிளுக்கும் இதே சோதனைதான்.

4. 5 கிகாபிட்னு போட்டிருக்கு, கல்யாண வீடியோ காப்பி பண்ணா 35 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

முதலில் அலகு. அட்டையில் இருப்பது பிட், காப்பி பெட்டியில் தெரிவது பைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அதோடு 5 கிகாபிட்டில் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே உச்சமே விநாடிக்கு 500 எம்பி. நடைமுறையில் 400 சொச்சம் வந்தால் நல்ல வரவு. 480 மெகாபிட் 2.0-வில் நடைமுறையில் 35 முதல் 40 எம்பி. ஆக 35-இல் கோடு போட்டது போல நிற்கிறது என்றால், உங்கள் இணைப்பு 2.0-வாக இறங்கி ஓடுகிறது.

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: ஹப்பையே கணினியின் 2.0 போர்ட்டில் மாட்டியிருப்பீர்கள். டிஸ்க்கோடு வந்த கேபிளை விட்டுவிட்டு வேறு எதையோ போட்டிருப்பீர்கள். அல்லது பிளக்கை மெதுவாக நுழைத்திருப்பீர்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கை அல்ல. முன்வரிசை 4 பின் முதலில் தொட்டதும், பின்வரிசை வந்து சேர்வதற்குள் கணினி அதை 2.0 என்று பதிந்துகொள்ளும். கழற்றி, ஒரே தள்ளாகத் தள்ளிப் பாருங்கள். வேகம் 8, 10 எம்பி என்று ஏறி இறங்கினால் அது பென்டிரைவின் சொந்த லட்சணம். ஹப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

உறுதி செய்ய, விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் திறந்து, வியூ மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' தேர்ந்தெடுங்கள். 3.0 ஹப் ஒன்றை மாட்டினால் இரண்டு பெயர் தெரியும்: ஒன்று வெறும் 'யுஎஸ்பி ஹப்', மற்றொன்று 'சூப்பர்ஸ்பீடு யுஎஸ்பி ஹப்'. உங்கள் டிஸ்க் சூப்பர்ஸ்பீடுக்குக் கீழே இருந்தால் சரி.

5. பழைய 2.0 மவுஸ அதே ஹப்பில மாட்டினா எல்லாமே 2.0 ஆயிருமா?

ஆகாது. மேலே பார்த்த இரண்டு பெயருக்குக் காரணமே இதுதான்: 3.0 ஹப் என்பது ஒரே டப்பாவுக்குள் இரண்டு ஹப். 2.0-வுக்கு ஒரு ஜோடி ஒயர், 3.0-வுக்குத் தனி ஒயர்கள். மவுஸ், கீபோர்டு, பார்கோடு ஸ்கேனர் எல்லாம் 2.0 பாதையில் போகும். ஹார்ட் டிஸ்க் தன் பாதையில் போகும். கூடத்தில் ஆள் நடப்பதால் மாடியில் இடிபடுமா என்ன?

6. நாலு போர்ட்லயும் ஆளுக்கு 5 கிகாபிட் வருமா?

வராது. மேலே போகும் கேபிளின் 5 கிகாபிட்டைத்தான் நான்கும் பங்கு போடும். ஹப் வழியாக ஒரு எஸ்எஸ்டியிலிருந்து (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இன்னொரு எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யும்போது இதை உணர்வீர்கள். அவசரமான காப்பிக்கு ஒரு டிஸ்க்கைக் கணினியில் நேராக மாட்டுங்கள். மவுஸ், கீபோர்டு, பில் பிரிண்டர் மாதிரியானவை எடுப்பது சொற்பம். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

7. ஹார்ட் டிஸ்க் ஹப்பில மாட்டினா டிக் டிக்னு சத்தம் போட்டு நின்னுருது. சிபியுல நேரா மாட்டினா ஓடுது. டிஸ்க் போச்சா?

டிஸ்க் நன்றாகவே இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. உடனே கழற்றுங்கள், அந்த நிலையில் விட்டுவைத்தால் பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போகும்.

யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். 3.0 போர்ட்டில் 900. அடாப்டர் இல்லாத ஹப் இந்த ஒரு போர்ட்டின் கரண்டைத்தான் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும், தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். விதிப்படி அடாப்டர் இல்லாத 2.0 ஹப் ஒரு போர்ட்டுக்கு உத்தரவாதம் தருவது 100 மில்லி ஆம்பியர், 3.0 ஹப் என்றால் 150. இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். கிடைக்காவிட்டால் தட்டு வேகம் எடுக்காமல் நின்று மறுபடி முயலும். டிக் சத்தம் அதுதான்.

மற்ற சாமான்கள் உத்தேசமாக: ஒயர் மவுஸ் 100-க்குள், விளக்கில்லாத கீபோர்டு ஏறக்குறைய 100, பென்டிரைவும் பார்கோடு ஸ்கேனரும் 100 முதல் 300, வெப்கேம் 200 முதல் 500. துல்லியமாக வேண்டுமென்றால் சாமானின் அடியில் ஒட்டிய லேபிளைப் படியுங்கள், அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி மீட்டரை இடையில் மாட்டி வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். அந்தச் சில நூறு ரூபாய் வீண் போகாது. தெர்மல் பில் பிரிண்டரைக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். அது தன் சொந்த அடாப்டரில் ஓடுகிறது, யுஎஸ்பியில் தகவல் மட்டும்தான்.

8. சரி, அடாப்டர் வச்ச ஹப்பே வாங்குறோம். எத்தனை ஆம்பியர் பார்க்கணும்?

4 போர்ட் 3.0 ஹப்புக்கு முழுக் கணக்கு 4 × 900, அதாவது 3.6 ஆம்பியர். ஆக 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் என்றால் எதை மாட்டினாலும் பயமில்லை. 7 போர்ட்டுக்கு 6.3 ஆம்பியர், இத்தனை கரண்டைச் சின்ன ஒயரில் அனுப்ப முடியாது என்பதால் 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்து, ஹப்புக்குள்ளேயே 5 வோல்ட்டாக இறக்கிக்கொள்வார்கள். 7 போர்ட் ஹப்போடு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வைத்திருந்தால், மவுஸும் கீபோர்டும் மாட்டத்தான் அது லாயக்கு.

ஒரு எச்சரிக்கை. 5 வோல்ட் அடாப்டரும் 12 வோல்ட் அடாப்டரும் பெரும்பாலும் ஒரே உருண்டைப் பின்னில்தான் வரும். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் ஹப்பில் செருகினால் ஹப்போடு சேர்த்து அதில் மாட்டியிருப்பதும் எரியலாம். வாங்கிய அன்றே அடாப்டரில் ஒரு காகிதம் ஒட்டி 'ஹப் - 5 வோல்ட்' என்று எழுதிவிடுங்கள். மேசைக்கு அடியில் ஐந்து அடாப்டர் பின்னிக் கிடக்கும் கடைகளில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

9. அடாப்டர் ஹப் மாட்டினதிலேர்ந்து, கம்ப்யூட்டர அணைச்சாலும் உள்ள லைட் எரியுது. பேயா?

பேய் இல்லை, கரண்டு பின்னோக்கிப் போகிறது. அடாப்டர் கரண்டு கணினிப் பக்கம் ஏறக்கூடாது என்பது யுஎஸ்பி விதி. மலிவான ஹப்பில் அதைத் தடுக்கும் பாகத்தைச் சிக்கனப்படுத்திவிடுவார்கள். கணினி சரியாக அணையாது, சில சமயம் மறுபடி கிளம்பவும் மறுக்கும். நாளடைவில் மதர்போர்டுக்கே கேடு.

சோதிக்க: கணினியை அணைத்து, சுவரிலிருந்து அதன் பிளக்கையும் பிடுங்குங்கள். ஹப் அடாப்டர் மட்டும் ஓடட்டும். ஹப்பிலிருந்து மேலே போகும் பிளக்கைக் கணினியிலிருந்து கழற்றி யுஎஸ்பி மீட்டரில் செருகுங்கள். மீட்டர் உயிர் பெற்றால் ஹப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

10. கரண்ட் லேசா வெட்டினாலும் கைரேகை மெஷின் போயிருது. யுபிஎஸ் இருக்கே, கம்ப்யூட்டர் அணையலையே?

கணினியும் மானிட்டரும் யுபிஎஸ்ஸில். ஹப்பின் அடாப்டர் சுவர்ப் பிளக்கில். அதுதான் சங்கதி. கரண்டு வெட்டிய நொடியில் ஹப் செத்துப் பிழைக்கும். அதில் இருப்பதெல்லாம் கழற்றி மாட்டியது போல ஆகும். மவுஸ் தானே திரும்பிவிடும். கைரேகை மென்பொருளும் பில் மென்பொருளும் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். மூடித் திறந்தால்தான் சரியாகும். ஹப் அடாப்டரையும் யுபிஎஸ்ஸின் பேட்டரிப் பக்கப் பிளக்கில் மாட்டுங்கள். 4 போர்ட் ஹப் முழுதாக ஓடினாலும் 20 வாட்டைத் தாண்டாது, யுபிஎஸ்ஸுக்கு அது ஒரு சுமை இல்லை.

11. அப்பச்சி முகப்புல உக்காந்துதான் பில் போடுவாக. கம்ப்யூட்டர் வளவுக்கு அந்தப் பக்கம் ரூம்ல இருக்கு. எத்தனை மீட்டர் யுஎஸ்பி ஒயர் இழுக்கலாம்?

2.0-வுக்கு ஒரு கேபிள் 5 மீட்டர், 3.0-வுக்கு நடைமுறையில் 3 மீட்டர். முகப்பிலிருந்து வளவை, அதாவது உள்முற்றத்தை, கடந்து போவதென்றால் செட்டிநாட்டு வீட்டில் இது எட்டவே எட்டாது. வயர்லெஸ்ஸும் அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துப்போகும்.

நீளத்தில் கரண்டும் கரைகிறது. மெல்லிய 28 கேஜ் ஒயர் ஒரு மீட்டருக்கு 0.21 ஓம், போகவும் வரவும் என்பதால் 5 மீட்டர் கேபிளில் மொத்தம் 2.1 ஓம். அதில் 500 மில்லி ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். கிளம்பியது 5, போய்ச் சேர்வது 4-க்குச் சற்றுக் கீழே. அதே நீளத்தில் 24 கேஜ் என்றால் இழப்பு 0.4 வோல்ட் அளவுதான். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். கேபிளின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஆகவே, ஒயர் 5 முதல் 10 மீட்டர் என்றால் இடையில் சிப் வைத்த ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிளும், கடைசி முனையில் அடாப்டர் ஹப்பும் போடுங்கள். அதற்கு மேல் என்றால் லேன் கேபிள் வழியாக யுஎஸ்பியைக் கடத்தும் எக்ஸ்டென்டர் ஜோடி கிடைக்கிறது. மலிவானவை பல 12 மெகாபிட்டில்தான் ஓடும்: பார்கோடு ஸ்கேனருக்குப் போதும், வெப்கேமுக்குப் போதாது. பிரிண்டரை மட்டும் தூரத்தில் வைப்பதாக இருந்தால் யுஎஸ்பியை மறந்துவிட்டு லேன் போர்ட் உள்ள பிரிண்டர் வாங்குங்கள்; லேன் கேபிள் 100 மீட்டர் போகும். எங்களைக் கேட்டால், கணினியையே முகப்புக்குக் கொண்டுவருவது இதையெல்லாம்விட மலிவு.

12. ஹார்ட் டிஸ்க் மாட்டினதும் வயர்லெஸ் மவுஸ் தத்தளிக்குது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

3.0 ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் மாட்டாமல், அரை மீட்டர் 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

13. ஹப்பில இன்னொரு ஹப் மாட்டலாமா?

மாட்டலாம். கணினிக்கும் சாமானுக்கும் நடுவில் 5 ஹப் வரை விதி அனுமதிக்கிறது. ஆனால் 11-இல் சொன்ன ஆக்டிவ் கேபிள் ஒவ்வொன்றும் ஒரு ஹப்பாகக் கணக்கில் சேரும். 7 போர்ட் ஹப்புகள் பலவற்றில் உள்ளே இரண்டு நாலு போர்ட் சிப்பைத் தொடுத்திருப்பார்கள், அது இரண்டு. இரண்டாவது ஹப்புக்கு அடாப்டர் இல்லையென்றால் 7-இல் பார்த்த பட்டினிக் கணக்கு இன்னும் மோசமாகும்.

14. ஆடிட்டர் ஆபீஸ்ல டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா காணாமப் போயிருது. ஹப் கோளாறா?

பெரும்பாலும் விண்டோஸின் சிக்கனம். சும்மா இருக்கும் சாமானை அது தூங்க வைக்கும். சில டோக்கனும் கைரேகை மெஷினும் எழுந்திருக்கத் தெரியாமல் கிடக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் யுஎஸ்பி செட்டிங்ஸ் போய் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் உள்ள டிக்கை எடுங்கள்.

அதன் பிறகும் போனால், டோக்கனை மட்டும் கணினியில் நேராக மாட்டுங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் ஹப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

15. டைப்-சி ஹப்பில '100 வாட்'னு இருக்கு. 65 வாட் சார்ஜர் மாட்டினா லேப்டாப் 'ஸ்லோ சார்ஜர்'னு சொல்லுது. ஏன்?

100 வாட் என்பது உள்ளே விடக்கூடிய உச்சம். ஹப் தனக்கும் தன் போர்ட்டுகளுக்கும் 10, 15 வாட் எடுத்துவைத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். 65-இல் 15 போனால் 50. லேப்டாப் கேட்பது 65. சார்ஜரைப் பெரிதாக்குவதுதான் வழி.

இதே ஹப்பில் இன்னும் இரண்டு பொறி உண்டு. சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஹப் கண நேரம் துண்டிக்கப்படலாம். காப்பி ஓடும்போது சார்ஜரைத் தொடாதீர்கள். அடுத்தது, டைப்-சி கேபிளில் வேகப் பாதை நான்குதான். பழைய லேப்டாப்பில் 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டுமென்றால் நான்கையும் படமே எடுத்துக்கொள்ளும், டிஸ்க் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். 30 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் மட்டும் டிஸ்க் வேகம் திரும்பாது. 30 ஹெர்ட்ஸ் என்று போட்ட ஹப்புகளே இரண்டு பாதையைப் படத்துக்கும் இரண்டை டிஸ்க்குக்கும் ஒதுக்குகின்றன. வாங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் படமும் சார்ஜும் வருமா என்பதையும் பாருங்கள். எல்லா டைப்-சியிலும் அவை வருவதில்லை.

16. போனை ஹப்பில போட்டா விடிய விடிய ஏறுது.

சார்ஜிங் போர்ட் என்று தனியாகக் குறிக்காத ஹப்பில் போன் 500 அல்லது 900 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். சுவர் சார்ஜரில் போடுங்கள்.

17. 'பவர் சர்ஜ் ஆன் யுஎஸ்பி போர்ட்'னு மஞ்சளா வருது. அதுக்கப்புறம் ஒண்ணுமே வேலை செய்யலை.

போர்ட் அளவுக்கு மீறிக் கரண்டு இழுக்கப்பட்டதால் கணினி அதைப் பூட்டிவிட்டது. ஹப்பைக் கழற்றுங்கள். கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். வெறும் ஹப்பை மட்டும் மாட்டுங்கள். அப்போதே செய்தி வந்தால் ஹப் அல்லது அதன் கேபிள் உள்ளே ஷார்ட். டார்ச் அடித்து, பின் வளைந்து ஒன்றோடொன்று தொடுகிறதா என்று பாருங்கள். வெறும் ஹப்புக்கு வரவில்லை என்றால் சாமான்களை ஒவ்வொன்றாக, இரண்டு நிமிட இடைவெளியில் சேருங்கள். எதை மாட்டும்போது வருகிறதோ, அதைத் தனியாக வேறொரு கணினியில் சோதியுங்கள். அங்கேயும் வந்தால் அந்தச் சாமான் போச்சு. அங்கே வரவில்லை, இங்கே மற்றதோடு சேர்ந்தால்தான் வருகிறது என்றால் 7-வது கேள்விக்குத் திரும்பிப் போய் மில்லி ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.